பதிவேட்டில் 'ஏன்' என்று ஒரு கட்டம் போடுங்கள்

தமிழ்நாட்டில் குழந்தைகளின் ஊட்டச்சத்தையும் உடல்நலத்தையும் கவனிக்கும் இரண்டு துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்னும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உண்மையில் பாடம் சொல்லிக்கொடுத்ததைவிட எடை போட்டதுதான் அதிகம். முப்பத்தைந்து வருடம், மாதம் ஒருமுறை, ஊர்க் குழந்தைகளையெல்லாம் தூக்கித் தராசில் வைத்திருக்கிறேன். அந்தத் தராசு காட்டிய எண்ணை ஒழுங்காக எழுதினேன். ஏன் அந்த எண் என்று கேட்கத்தான் ரொம்ப நாள் ஆனது. அதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2014-இல் எங்கள் மையத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். பிறக்கும்போது 2 கிலோ 800 கிராம். ஆறேழு மாதம் வரை எடை நன்றாகத்தான் ஏறியது. அப்புறம் எடை குறிக்கும் அட்டையில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. ஒன்றரை வயதில் ஏழு கிலோவில் நின்றாள். அந்த வயதுப் பெண் குழந்தை சுமார் பத்து கிலோ இருக்க வேண்டும். அவள் அம்மா சின்னப் பெண், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எடை போடும் நாளெல்லாம் என்னிடம் அவளுக்குத் திட்டுதான். "என்னத்தக் குடுக்குற புள்ளைக்கு? சத்துமாவ ஆட்டுக்குக் கரைச்சு ஊத்திட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவள் ஒவ்வொரு மாதமும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "சோத்தப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா டீச்சர். எந்நேரமும் தண்ணி தண்ணின்னே கெடக்கா. ராத்திரி நாலஞ்சு தடவ ஒண்ணுக்குப் போயி பாயெல்லாம் நனைச்சிடுறா."

அதற்கு நான் சொன்னது: "தண்ணியக் குடுத்து வயித்த ரொப்புனா சோறு எப்படி எறங்கும்? தண்ணியக் கொற."

இதை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது.

பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் டானிக் எழுதிக்கொடுத்தார். இன்னொருவர் பூச்சி மருந்து கொடுத்தார். அவள் அப்பத்தா பறவை தோஷம் என்று சொல்லிக் கோயிலுக்குத் தூக்கிப் போனார். நடமாடும் மருத்துவக் குழு ஒருமுறை மையத்துக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்துக் குழந்தை அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தது. மூன்று வயது முடிந்த சமயத்தில் ஒரு நாள் காலையில் குழந்தையால் எழுந்து நிற்க முடியவில்லை. கால் இரண்டும் துணி மாதிரி துவண்டுவிட்டன. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உடம்பில் சேருகிற அமிலத்தை அவள் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியவில்லை. சிறுநீரோடு பொட்டாசியமும் போய்க்கொண்டே இருந்ததால்தான் கால் துவண்டது. ரத்தத்தில் அமிலம் தேங்கினால் பசி எடுக்காது, எலும்பு வலுக்காது, குழந்தை வளராது. இதற்கு மருந்து, அமிலத்தை முறிக்கும் ஒரு திரவம். தினமும் மூன்று வேளை, வருடக்கணக்கில். பெரிய செலவில்லை.

மருந்து தொடங்கிய ஒரு வருடத்தில் அவள் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாள்.

தண்ணீர்தான் அந்த நோயின் விலாசம். ஒன்றரை வருடமாக அவள் அம்மா அதை என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மையத்துக்கு வந்து, கோபம் எதுவும் இல்லாமல், "தண்ணி குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றாள். அனுமதி வாங்குவது போல.

அன்று மாலை பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். எடை இருந்தது. எடை சரியா, குறைவா, ரொம்பக் குறைவா என்று காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் இருந்தது. கொடுத்த சத்துமாவுப் பாக்கெட் கணக்கு இருந்தது. ஒவ்வொரு மாதமும் 'தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவள் சொன்ன தண்ணீர் மட்டும் எங்கேயும் இல்லை. எழுத அதில் இடமும் இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நான் 1983-இல் சேர்ந்தபோது இது அங்கன்வாடி வேலை இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று, உலக வங்கி உதவியோடு 1980-இல் தொடங்கியது. முதலில் நடைமுறைக்கு வந்தது எங்கள் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். ஆறு மாதத்திலிருந்து 36 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு மாதாமாதம் எடை போடுவோம். எந்தக் குழந்தைக்கு எடை ஏறாமல் நிற்கிறதோ, எது ரொம்பவே மெலிந்திருக்கிறதோ, அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. குழந்தை ஒல்லியா குண்டா என்று பார்ப்பதைவிட, போன மாதத்துக்கு இந்த மாதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 90 நாள் உருண்டை தின்றும் ஏறாவிட்டால் சுகாதார செவிலியரிடம் அனுப்ப வேண்டும். ஒரு குழந்தை உருண்டை தின்ன, பக்கத்துக் குழந்தை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 'சாப்பாடு கொடுத்தும் ஏறவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது' என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தது. அது எப்போது கழன்று விழுந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பதிவேடுகள் பெருகப் பெருக நடந்திருக்கும்.

சாப்பாடு போடுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1982-இல் சத்துணவு வந்தபோதும் பார்த்தேன், 2022-இல் காலை உணவு வந்தபோதும் பார்த்தேன். பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு முதலில் சோறுதான் போட வேண்டும். அதில் இரண்டு பேச்சே கிடையாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 27.1 சதவீதம். 2019-21-இல் 25 சதவீதம். இந்தியா முழுக்க 35.5 என்பதால் நாம் தேவலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் நான்கில் ஒரு குழந்தை. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 50.7-இலிருந்து 57.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். முட்டை கொடுக்கிறோம், மாவு கொடுக்கிறோம், இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கிறோம். அப்படியும் ஏன் என்ற கேள்வியை மாநிலத்துக்கு மொத்தமாகக் கேட்டால் விடை வராது. ஒவ்வொரு குழந்தையிடமும் போய்த்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தேறாவிட்டால் சொல்வதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பறவை தோஷம், மாந்தம், கணை, குடலில் சோறு சிக்கிக்கொண்டது என்று ஊதித் 'தொக்கம்' எடுப்பது. இவற்றில் சிலது குழந்தையைப் படுத்திவைக்கும். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விட்டுப் புண்ணாக்கிக் கொண்டுவந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். சரி, நாங்கள் என்ன செய்தோம்? பூசாரிக்கு எல்லாக் குழந்தைக்கும் தோஷம்தான் காரணம். எங்களுக்கு எல்லாக் குழந்தைக்கும் அம்மாதான் காரணம். அவர் திருநீறு கொடுத்தார், நாங்கள் பாக்கெட் கொடுத்தோம்.

ஆனால் நம் பாட்டிகளின் சொற்களில் ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'சவலை'. அடுத்த குழந்தை வயிற்றில் வந்துவிட, தாய்ப்பால் நின்றுபோய் மெலிகிற பிள்ளை சவலைப் பிள்ளை. அந்தச் சொல்லுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில், இன்றைய கானா நாட்டில், வீங்கி மெலிந்த குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஊர்ப் பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயரையே நோய்க்கும் வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் பறிபோன குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டிகளும் இதையேதான் கவனித்திருக்கிறார்கள். அந்த டாக்டரம்மாவின் பெருமை, அந்தப் பெண்கள் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டதுதான்.

தண்ணீர்க் குழந்தைக்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மேலே 'ஏன்?' என்று எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாத குழந்தை வீட்டுக்குச் சாயங்காலமாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுவேன். திட்டுவதை விட்டுவிட்டேன். கட்டத்தில் என்னென்ன வந்தது தெரியுமா? ஒரு பையனின் அம்மா செங்கல் சூளைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போகிறாள். மத்தியானச் சோற்றை ஊட்டுவது ஏழு வயது அக்கா. ஒரு வீட்டில் தாத்தாவுக்கு மூன்று மாதமாக இருமல். பேரன் அவர் மடியிலேயே தூங்குகிறான். தாத்தாவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது, பேரனுக்கும் சிகிச்சை வேண்டியிருந்தது. ஒரு குழந்தை பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, இரண்டு நிமிடத்தில் களைத்து விட்டுவிடும், இதயத்தில் ஓட்டை. ஒரு குழந்தை சோறு தொடாது, சுவரைச் சுரண்டித் தின்னும், அண்ணனின் பல்பத்தைத் தின்னும்; கடுமையான ரத்தசோகை. ஒரு வீட்டில் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தார்கள். வறுமை ஒரு காரணம், ஆனால் 'கெட்டிப் பால் செரிக்காது' என்று பெரியவர்கள் சொன்னதுதான் பெரிய காரணம். இன்னொரு வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை. குழந்தை எட்டாம் மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோவாகப் பிறந்தது. தன் கோட்டில் அது சீராகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. நம் அட்டையில்தான் சிவப்பாகத் தெரிந்தது.

எல்லோருக்கும் ஒரே மாவு, ஒரே ஆலோசனை. இவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது வேறு.

ஒரு மேற்பார்வையாளர் அம்மா வந்து பார்த்துவிட்டு, அரசாங்கப் பதிவேட்டில் சொந்தமாகக் கோடு போடக்கூடாது, அழித்துவிடுங்கள் என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு மேலே இருப்பவர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அழித்தேன். தனி நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது அளவு. காரணம் தேடுவதற்கு முன்னால், நாம் எழுதும் எண் நிஜமா என்று பார்க்க வேண்டும். வெளிப்படையாகவே சொல்கிறேன், இனி என் ஓய்வூதியத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை: வேலை மும்முரமான மாதங்களில் போன மாத எடையோடு 200 கிராம் கூட்டி எழுதியிருக்கிறேன். நான் மட்டும் இல்லை. சிவப்பில் குழந்தை கூடினால் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும், 'உங்க மையத்துல மட்டும் ஏன் இத்தனை?' என்று கேட்பார்கள். 'ஏன்' என்ற அதே சொல்தான். ஆனால் அங்கே அது கேள்வி இல்லை, தண்டனை. தண்டனைக்குப் பயந்தால் எண் தானாகவே மஞ்சளுக்கும் பச்சைக்கும் நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்த எண்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழந்தை மறைந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

உயரம் இன்னும் மோசம். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்குப் பிறகு நிற்க வைத்து. படுத்து அளப்பதற்கும் நின்று அளப்பதற்கும் நடுவே சுமார் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பிடித்து அளக்க. உதவியாளர் அடுப்படியில் சாம்பாரைப் பார்ப்பாரா, குழந்தையின் தலையைப் பிடிப்பாரா? ஒற்றை ஆளாக அளந்தால் குழந்தை காலை மடக்கும், எண் குறையும். இரண்டு வயதுப் பையனின் நடுமட்ட உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். 81-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவன் என்று எழுதுகிறோம். நடுவில் இருப்பதே ஆறு சென்டிமீட்டர்தான். அதில் ஒன்றிரண்டை மடங்கிய முழங்கால் தின்றுவிட்டால் அந்த அளவுக்கு என்ன மதிப்பு?

இருந்தாலும் உயரத்தை விட்டுவிட முடியாது. எடையை மட்டும் பார்த்தால் தப்பிப் போகிற குழந்தைகள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பையன் கொழுகொழுவென்று இருப்பான். அட்டையில் எப்போதும் பச்சை. எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவோம். நாலு வயதில் அவனைவிட ஒன்றரை வயது சின்னவளான தங்கை அவன் உயரத்தையே எட்டிவிட்டாள். மலச்சிக்கல், மந்தம், வெயிலில்கூடக் குளிர்கிறது என்பான். தைராய்டு சுரப்பு போதவில்லை. உயரம் நிற்க, எடை நிற்காமல் ஏறினால் சாப்பாட்டுக் குறையாக இருக்க வாய்ப்பில்லை, சுரப்பியைப் பார்க்க வேண்டும் என்று பிறகு ஒரு குழந்தை மருத்துவர் எனக்கு விளக்கினார். ஒரு ரத்தப் பரிசோதனை, தினமும் ஒரு சின்ன மாத்திரை. முடிந்தது வேலை. ஆனால் அவன் இழந்த இரண்டு வருடத்தை மாத்திரையால் திருப்பித் தர முடியாது.

ஆறு வயதானால் குழந்தை எங்கள் பதிவேட்டிலிருந்து போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் உயரம் எழுதுவார்கள், நானும் பார்த்திருக்கிறேன், ஒரு காகிதத்தில். போன வருடக் காகிதத்தோடு அதை ஒட்டிப் பார்ப்பவர் யார்? முதல் வருடத்தில் சுமார் 25 சென்டிமீட்டர் வளர்கிற குழந்தை, இரண்டாம் வருடம் 12, அப்புறம் வேகம் குறைந்து, பள்ளி வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். அது நான்குக்கும் கீழே போனால் யாராவது கேட்க வேண்டும். வகுப்பிலேயே குட்டையான பெண் பிள்ளையை 'கத்திரிக்காய்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். சுமார் 2000, 2500 பெண் குழந்தைகளுக்கு ஒருத்தி டர்னர் குறைபாட்டோடு பிறக்கிறாள். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இருக்காது, அல்லது பாதியாக இருக்கும். சில பெண்களுக்குக் குட்டையாக இருப்பது ஒன்றே வெளியில் தெரியும் அடையாளம். பதினைந்து வயதில் 'இன்னும் பெரிய மனுஷி ஆகலையே' என்று அம்மா அழுதுகொண்டு வரும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். ஏழு வயதில் ஒரு அளவுநாடா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

'அப்பாவும் அம்மாவும் குள்ளம், அதான்' என்பது இன்னொரு பதில். சில சமயம் அது சரிதான். அப்பா அம்மா உயரத்தைக் கூட்டிப் பாதியாக்கி, பையனுக்கு ஆறரை சென்டிமீட்டர் கூட்டியும் பெண்ணுக்கு ஆறரை கழித்தும் ஒரு உத்தேசம் போடலாம். ஆனால் அந்த அப்பாவும் அம்மாவும் ஏன் குள்ளமானார்கள்? கேழ்வரகுக் கூழுக்கும் வழியில்லாத வருடங்களில் பிறந்தவர்களாக இருக்கலாம். பரம்பரை என்று எழுதி நாம் மூடிவிடும் கோப்பில் பாட்டியின் பட்டினி இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டபோது, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் நம் டெல்லி என்று ஆறு இடத்துக் குழந்தைகளை அளந்துதான் வெளியிட்டது. தாய்ப்பால், தடுப்பூசி, நல்ல வீடு எல்லாம் கிடைத்த குழந்தைகள் ஆறு ஊரிலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் வளர்ந்தார்கள். 'நம்ம ஊர் ஜனங்க இப்படித்தான்' என்று சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

இன்னும் ஒன்று, எனக்கு ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. இது தெரிந்திருந்தால் எத்தனையோ அம்மாக்களைத் திட்டாமல் இருந்திருப்பேன். எட்டு நாடுகளில் நடந்த 'மால்-எட்' என்ற ஆய்வில் நம் வேலூரும் ஒரு களம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அங்கே குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். வாரம் இரண்டு முறை வீட்டுக்குப் போய் விசாரித்து, மாதாமாதம் மலத்தையும் சோதித்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களிலும் குழந்தைகளின் குடலில் ஷிகெல்லா, கேம்பிலோபேக்டர், ஜியார்டியா என்று கிருமிகள் குடியிருந்தன. எட்டு இடங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கிருமிகள் அதிகம் தங்கிய குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். குழந்தை நன்றாகத்தான் இருக்கும், காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. ஆனால் குடலின் உள்சுவர் புண்பட்டு, தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. அம்மா ஊட்டியது பொய்யில்லை. குழந்தை வளராததும் பொய்யில்லை.

இதைக் கேட்டவுடன் 'அப்படியென்றால் கழிப்பறை கட்டினால் போதும்' என்று ஒரு திட்டம் கிளம்பும். அதுவும் அவ்வளவு சுலபமில்லை. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் எளிய கழிப்பறை, கை கழுவும் வசதி, குளோரின் போட்ட தண்ணீர் எல்லாம் கொடுத்துச் சோதித்தார்கள். 2018, 2019-இல் முடிவு வந்தது: அவற்றால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வாய்க்கால் ஓரம், கோழி மேயும் வாசல், குழாயில் கலக்கும் சாக்கடை என்று குழந்தை தவழும் இடம் முழுக்க அழுக்கிருக்கும்போது, ஒரு வாளித் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிற தெரு ஒன்று உண்டு. என் தனி நோட்டில் அந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் தெரு அம்மாக்கள் மற்ற தெரு அம்மாக்களைவிட மோசமா என்ன?

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பதிவேட்டிலும் செல்போன் செயலியிலும் 'ஏன்' என்று ஒரு கட்டம் வையுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறாத, அல்லது உயரத்தில் கோடு மாறிக் கீழே இறங்கிய குழந்தைக்கு மட்டும் அது திறக்கட்டும். டிக் அடிக்கும் கட்டமாக இருந்தால் வேண்டாம். நாங்கள் டிக் அடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அம்மா சொன்னதை அம்மாவின் வார்த்தையிலேயே இரண்டு வரி எழுத இடம் கொடுங்கள். மத்தியானம் யார் ஊட்டுகிறார்கள், தாகம் எப்படி, மலம் எப்படி, பால் குடிக்கையில் வியர்க்கிறதா, வீட்டில் யாருக்காவது இருமலா, எத்தனையாவது மாதத்தில் என்ன எடையில் பிறந்தது, அம்மா மறுபடி உண்டாகியிருக்கிறாளா: இவ்வளவு கேட்கப் பயிற்சி கொடுத்தால் போதும். விசாரணை என்றதும் ஊசியும் ரத்தமும்தான் என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி திண்ணையிலேயே முடிந்துவிடும்.

மீதிக் கால்வாசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில அடிப்படைப் பரிசோதனைகள் வேண்டும். ரத்த அணுக்கள், சிறுநீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தைராய்டு. வட்டாரத்துக்கு ஓரிடத்திலாவது ரத்தத்தின் உப்பும் அமிலமும் பார்க்கிற வசதி. எக்ஸ்ரேயில் இடது கை மணிக்கட்டைப் பார்த்து எலும்பின் வயது சொல்லத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். இதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் இல்லை. காரணம் புலப்படாத குழந்தைக்கு.

அப்புறம், நாங்கள் அனுப்புகிற குழந்தையைப் பற்றி எங்களுக்குத் திரும்ப ஒரு சீட்டு வர வேண்டும். அனுப்பினேன் என்று எழுதுவேன். போனார்களா, யார் பார்த்தார், என்ன சொன்னார், எதுவும் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி 'ஆலோசனை வழங்கப்பட்டது'. நடமாடும் குழு வருடத்துக்கு இரண்டு தடவை மையத்துக்கு வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டு நாளில் ஊரில் இல்லாத குழந்தைகள்தான் பெரும்பாலும் ரொம்ப முக்கியமானவர்கள். அவர்களுக்கு ஒரு மறுதேதி கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும், கூட வருகிறவருக்கும் போகும். பஸ்ஸில் காசில்லாமல் போகலாம், சரி, கூலியை யார் தருவது? அதைக் கணக்கில் சேர்க்காமல் 'பெற்றோர் ஒத்துழைப்பில்லை' என்று எழுதாதீர்கள். அந்த வரியை நானும் நிறைய எழுதியிருக்கிறேன்.

சிவப்பைக் காட்டிய பணியாளரை எழுப்பி நிற்க வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். 'ஏன்' கட்டம் காலியாக இருந்தால் கேளுங்கள், சிவப்பாக இருப்பதற்காகக் கேட்காதீர்கள். உயரம் அளக்கும் நாளில் மையத்துக்கு இன்னொரு கை கொடுங்கள். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அட்டை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கூடவே போகட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் எழுதட்டும். ஒரு அளவுகோலும் நேர்மையும் இருந்தால் போதும். இது இல்லாததால்தான் காசுள்ள அப்பாக்கள் டிவியில் வருகிற உயர மாவுக்குச் செலவழிக்கிறார்கள், காசில்லாத அப்பாக்கள் கடன் வாங்கி அதற்கே செலவழிக்கிறார்கள்.

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. இந்த மண்ணில் 1918-இல், நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையை ஒதுக்கி, ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், சத்துக் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேட உட்கார்ந்தார். அந்த இடத்துக்குப் பெயரே 'பெரிபெரி விசாரணை'. அது வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஒரே அறையில் தொடங்கிய விசாரணை அது. நான் கேட்பது ஒரே ஒரு கட்டம்.

தண்ணீர்க் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முதுகுப் பையில் புத்தகத்தோடு மருந்து பாட்டிலும், அவள் தோளைவிடப் பெரிதாகத் தெரிகிற ஒரு தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். ஆசிரியை இடையில் வெளியே விடமாட்டேன் என்று சொன்னதால் அவள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கச் சொன்னாள். போய் விளக்கினேன்.

அந்தத் தனி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர்களை மறைத்துவிட்டுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது கேட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். திண்ணையில் உட்கார்ந்து எழுதியது, கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
மதுரை மாவட்டம்